ஒரு மேசைக்கு ஒரு பெட்டி

திங்கள், பெப்ரவரி 3

எண்பத்தாறு வயதான ஒருவரிடம், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலையில் பிழை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. பகல் முழுவதும் யோசித்தேன், இப்போதும் தெரியவில்லை.

நடந்ததை எழுதி வைக்கிறேன். டன்வர்லாக் என்ற பழைய குடும்பத்தின் கடிதங்களும் காணிப் பத்திரங்களும் இங்கே ஸ்கொட்லாந்தில், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் பட்டியல் இந்த மாதக் கடைசியில் இணையத்தில் ஏறுகிறது. அறுபதுகளில் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் மிஸ் ரோனா பெத்யூன். பிறகு கையெழுத்துப் பிரதிகள் பிரிவுக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். பட்டியலுக்கு அவருடைய பெயரையே சூட்டப்போகிறார்கள். அதற்கு ஒரு சிறிய விழா, கேக், உரை. தட்டச்சுப் பிரதியை மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டுக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

இன்று ஒன்றைக் கண்டேன். ஜனவரி, பெப்ரவரி மாதக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் பட்டியலில் ஒரு வருடம் கூடுதலாக இருக்கிறது. கடிதத்தில் 1688 என்றால் பட்டியலில் 1689. கவனக்குறைவு இல்லை இது, படித்தவர் விடும் பிழை. அந்தக் கால இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25ஆம் திகதிதான் பிறந்தது. ஆகவே ஆங்கிலேயர் 1688 ஜனவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1689. பட்டியலிடுபவர் ஒன்று கூட்ட வேண்டும். மிஸ் பெத்யூன் பயிற்சி பெற்றது லண்டனில். கூட்டிவிட்டார். ஆனால் ஸ்கொட்லாந்தில் 1600 முதலே வருடம் ஜனவரி முதலாம் திகதி பிறந்துவிடுகிறது. இங்கே கூட்டக்கூடாது.

இந்தத் துறையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் யாரும் சரிபார்க்கவில்லை போலும்.

வரும் வழியில் பாலும் லீக்ஸும் வாங்கினேன். மழை இல்லை.

புதன், பெப்ரவரி 5

பிரிவுத் தலைவர் கலமிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர், யாரையும் நோகடிக்க மாட்டார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். இப்போதைக்கு உள்ளபடியே ஏற்றுவோம், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். எதற்குப் பிறகு என்று கேட்டேன். யன்னலுக்கு வெளியே பார்த்தார். மிஸ் பெத்யூனின் காலத்துக்குப் பிறகு என்று எனக்கு விளங்கியது.

மதியம் சாப்பாட்டறையில் குகநேசன் இருந்தார். கீழ்த்தளத்தில் கிழிந்த தாள்களைப் பழுதுபார்ப்பவர். சொந்த ஊர் கொக்குவில். அவர் இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருடம், ஒரே கட்டடம், அதிகம் பேசியதில்லை. என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். கருத்துக் கேட்கவில்லை, இருந்தும் சொன்னார்.

"சொல்லாம விடுறது மரியாதை இல்லை, கௌசலா. அந்த மனிசிக்கு இனி ஒண்டும் தாங்காதெண்டு நீங்களே முடிவு கட்டினமாதிரியெல்லோ."

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்திருந்தார். ஒரு ஆளுக்கு மிக அதிகம். மிச்சத்தை என்னிடம் தள்ளினார். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மனிதருக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

சனி, பெப்ரவரி 8

சலவை இயந்திரம் திருத்தியாயிற்று. தோட்டத்து மூலையில் வெள்ளைப் பூக்கள் தலைகாட்டியிருக்கின்றன. நல்ல நாள்.

செவ்வாய், பெப்ரவரி 11

மிஸ் பெத்யூனைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன்.

அவருடைய பட்டியலைவிட அதன் முன்னுரைதான் புகழ்பெற்றது. அதிலும் ஒரு பத்தி. டன்வர்லாக் சீமாட்டி மார்கரெட்டின் மகள் ஜீன் லண்டனில் மணமுடித்துப் போனாள். அங்கே அவளுடைய குழந்தை இறந்தது. தாய்க்கு எழுதினாள். தாய் பதில் எழுதியது ஒரு வருடம் கழித்து. அந்தப் பதிலிலும் ஆறுதல் இல்லை, ஒரு கட்டளை மட்டும்: "குழந்தையின் துணிகளைத் துவைக்காதே. நான் வந்து பார்க்கும்வரை ஒன்றையும் துவைக்காதே." மிஸ் பெத்யூன் அவளை ஸ்கொட்லாந்தின் மிகக் கடினமான தாய் என்று எழுதினார். அன்றிலிருந்து மாணவர்கள் அந்தப் பத்தியை மேற்கோள் காட்டுகிறார்கள். விழா அழைப்பிதழிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது.

வருடக் கணக்கைச் சொன்னேன். ஸ்கொட்லாந்து விதியைத் தான் சில வருடங்கள் கழித்துத் தெரிந்துகொண்டதாகவும், அதற்குள் டன்வர்லாக் பெட்டிகளை மூடிவிட்டதாகவும் சொன்னார். திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லையாம். சொல்லிவிட்டு, மார்கரெட் என்ன ஆகிறாள் என்று கேட்டார். அதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். இரண்டு கடிதங்களும் ஒரு வருடம் பின்னால் போகின்றன. இடைவெளி அப்படியேதான்.

"அப்படியென்றால் என் முன்னுரை நிற்கிறது," என்றார்.

அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. திகதிகள் போகட்டும், பத்தி நின்றால் போதும். தானே தேநீர் ஊற்றினார். சிறிது தட்டில் சிந்தியது. நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது மனம் லேசாக இருந்தது. நான் பயப்பட்ட அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

வியாழன், பெப்ரவரி 13

மார்ச் 25க்கு முந்திய எல்லாத் திகதிகளிலும் ஒரு வருடம் கழித்துவிட்டேன். கணினிக்கு அரை நிமிட வேலை. கலமுக்கு மகிழ்ச்சி.

திங்கள், பெப்ரவரி 17

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் குகநேசன் வாழைக்காய்க் கறியும் பருப்பும் கொண்டுவந்திருந்தார். அவரிடம் வழக்கமாக மீன் இருக்கும். விரதமா என்று கேட்டேன். அம்மாவின் திவசமாம். நாளைக்கும் மரக்கறிதானாம். ஏன் இரண்டு நாள் என்று கேட்டேன்.

"தங்கச்சி கொக்குவில்ல வாக்கியப் பஞ்சாங்கம் பாக்கிறவ. அவவுக்குத் திவசம் இண்டைக்கு. அண்ணை ரொறன்ரோவில திருக்கணிதம். அவருக்கு நாளைக்கு. ஒவ்வொரு வரியமும் ரெண்டு பேருக்கும் போனில சண்டை. அம்மாவின்ர நாளை மறந்துபோனாய் எண்டு அவ ஏசுவா, அடுத்த நாள் அவர் ஏசுவார்."

"ரெண்டு பேருக்கும் சொல்லலாமே, கலண்டர் வேறயெண்டு."

"சொன்னனான். ஆர் கேக்கினம்? ஆளாளுக்குத் தன்ர கலண்டர்தான் அம்மான்ர கலண்டர்."

நீங்கள் யார் பக்கம் என்று கேட்டேன். தான் இரண்டு நாளும் மரக்கறி, அம்மா குறை சொல்லமாட்டா என்றார். சிரித்தேன். தொட்டியில் கோப்பையைக் கழுவப் போனேன். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குகநேசன் வந்து குழாயை மூடினார்.

எங்கள் வாசிப்பறையில் ஒரு விதி உண்டு. ஒரு மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் திறக்கலாம். இரண்டு பெட்டிகளின் தாள்கள் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கஷ்டம். விதியைப் போட்டவர் மிஸ் பெத்யூன். ஊழியர்களுக்கும் அதே விதி. மகளின் கடிதங்கள் டன்வர்லாக் வீட்டிலிருந்து வந்தவை, ஒரு பெட்டி. தாயின் கடிதங்கள் லண்டனில் மகளின் வாரிசுகளிடமிருந்து வந்தவை, வேறு பெட்டி. அவர் அவற்றை ஒன்றாகப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஒன்றை மூடி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் திறந்திருக்கிறோம்.

இன்று இரண்டையும் ஒரே மேசையில் திறந்தேன்.

மகளுடைய கடிதத்தின் தலைப்பில்: லண்டன், ஜனவரி 14, 1694. தாயினுடையதில்: டன்வர்லாக், பெப்ரவரி 4, 1695.

மகள் இருந்தது லண்டனில். அங்கே இன்னும் மார்ச் வரவில்லை, ஆகவே இன்னும் பழைய வருடம். தாய் இருந்தது ஸ்கொட்லாந்தில். இங்கே புது வருடம் பிறந்துவிட்டது. மகள் எழுதிய 1694 ஜனவரியும் தாயின் கணக்கில் 1695 ஜனவரியும் ஒரே ஜனவரி. மிஸ் பெத்யூன் இருவருக்கும் ஒன்று கூட்டினார். நான் இருவருக்கும் ஒன்று கழித்தேன். இருவருக்கும் ஒரே கணக்கைப் போட்டால் இடைவெளி எப்படிக் குறையும்? மகளுக்கு மட்டும் கூட்டியிருக்க வேண்டும், தாயை விட்டுவிட்டிருக்க வேண்டும்.

ஒரு வருடம் இல்லை, மூன்று கிழமை. பனிக்காலத்தில் லண்டனிலிருந்து தபால் வந்து சேரவே அவ்வளவு நாள் ஆகும். கடிதம் கிடைத்த அன்றே அவள் பதில் எழுதியிருக்கிறாள்.

குகநேசனை மேலே கூப்பிட்டேன். மடிப்பில் கிழிசல் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். அவர் கிழிசலைத் தேடினார். நான் துணிகளைப் பற்றிய வரியை வாசித்துக் காட்டினேன். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் அது கொடுமை. மூன்று கிழமையில் சொன்னால் அது வேறு.

"பிள்ளையின்ர மணம் போயிடும் எண்டு சொல்லுறா," என்றார். பிறகு, "அந்த அம்மா வந்தவவோ?" என்று கேட்டார்.

பார்த்தோம். அதற்குப் பிறகு கோடைக்காலம்வரை இரண்டு பெட்டிகளிலும் கடிதம் ஒன்றுகூட இல்லை. தட்டச்சுப் பிரதியில் அந்த இடத்தில் 'மனக்கசப்பு' என்று குறிப்பு இருக்கிறது. பக்கத்திலேயே இருப்பவர்கள் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்?

வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

கிழிசல் இல்லை என்று குகநேசன் சொன்னார். நல்லது என்றேன்.

வியாழன், பெப்ரவரி 20

லண்டன் கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துகிறேன். அரை நிமிடத்தில் கெடுத்ததைச் சரிசெய்ய மூன்று நாள்.

கலமிடம் சொன்னேன். விழாவில் அவர் வாசிக்கப்போவது அதே பத்தி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முதல் முறை வெறும் எண்கள், இந்த முறை அவருடைய வாக்கியம், அவருக்குத் தெரியாமல் விட முடியாது என்றார். அது சரிதான். மிஸ் பெத்யூன் எழுதியவற்றில் எஞ்சி நிற்கப்போவது அந்த ஒரு பத்திதான், அது அவருக்கும் தெரியும். விழாவுக்கு முன் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஞாயிறு, பெப்ரவரி 23

வீட்டைக் கூட்டித் துடைத்தேன். குகநேசனின் டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது முறையில்லை, ரவை லட்டுப் பிடித்தேன். முந்திரிப்பருப்புக்காக இரண்டு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

செவ்வாய், பெப்ரவரி 25

இல்லத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிஸ் பெத்யூனுக்குச் சளி, யாரையும் பார்க்க முடியாது, ஆனால் வெள்ளிக்கிழமை கட்டாயம் வருவாராம். தொலைபேசியில் அவருக்குக் காது கேட்காது. எழுதிக் கொடுக்கலாம் என்று கைப்பையைத் திறந்தேன். தனியாகக் கட்டிலில் இருந்து அவர் அதை வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன். பையை மூடிவிட்டேன்.

லட்டு நன்றாக இருந்தது என்றார் குகநேசன். கொஞ்சம் இனிப்புக் கூடவாம்.

வியாழன், பெப்ரவரி 27

நாளை விழா. இன்னும் சொல்லவில்லை.

கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைக்கும் பொருட்களை நான்தான் தெரிவுசெய்ய வேண்டும். காணிப் பத்திரமும் முத்திரைகளும் வைப்பதாக இருந்தது. எடுத்துவிட்டேன். இரண்டு கடிதங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குறிப்பு அட்டை இல்லை. கலம் கேட்டார், அச்சுக்குப் போயிருக்கிறது என்றேன். நான் பொய் சொல்வது குறைவு, அதனால் நம்பினார்.

குகநேசன் இரண்டையும் சாய்த்து வைக்க அட்டை வெட்டித் தந்தார்.

"பாத்தவுடன விளங்குமோ அவவுக்கு?"

"விளங்கும். எனக்கு விளங்கினதைவிடக் கெதியா விளங்கும்."

"விளங்காட்டி?"

"நான் சொல்லுறன்."

"எல்லாருக்கும் முன்னாலயோ? நீங்களோ?"

அவர் கேலி செய்யவில்லை. ஒன்பது வருடத்தில் நான் எந்தக் கூட்டத்திலாவது வாய் திறந்ததை அவர் பார்த்ததில்லை.

நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஒன்று, அவர் பார்ப்பார், முகம் வாடும், சளியைக் காரணம் காட்டிச் சீக்கிரம் போய்விடுவார், அந்த நாளைக் கெடுத்தது நானாக இருப்பேன். அல்லது பார்க்காமலே உட்கார்ந்திருப்பார், கலம் பத்தியை வாசிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், நானும் தட்டுவேன். இரண்டாவதே நடக்கும்.

சேலை உடுப்பதா என்று யோசித்தேன். சாம்பல் நிறக் கோட்டே போதும்.

வெள்ளி, பெப்ரவரி 28

நடந்தது இதுதான்.

மிஸ் பெத்யூன் பிந்தி வந்தார். சக்கர நாற்காலி, நீலக் கோட்டு, சிவந்த மூக்கு. அவரோடு ஒரு சொல் பேசுவதற்குள் கலம் உரையைத் தொடங்கிவிட்டார். முன்வரிசையில் அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். அவர் அங்கே போகவில்லை. நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு பேழைக்குப் போனார். உரைகளை அவர் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. நான் பின்னால் போய் நின்றேன்.

பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். மகளின் கடிதத்தைப் பார்த்தார், தாயினுடையதைப் பார்த்தார், திரும்பவும் மகளினுடையதை. உருப்பெருக்கி 'லண்டன்' என்ற சொல்லின் மேல் நின்றது.

திரும்பாமலே, இவை இரண்டு பெட்டிகளல்லவா என்று கேட்டார். ஆம் என்றேன். ஒரே மேசையில் திறந்தாயா? ஆம் என்றேன். அது என் விதி என்றார். தெரியும் என்றேன்.

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பேழைக் கண்ணாடியில் தெரிந்தது, அதையும் பார்க்கவில்லை. அந்த நேரம் கலம் பத்திக்கு வந்துவிட்டார். ஸ்கொட்லாந்தின் மிகக் கடினமான தாய் என்று தொடங்கினார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. மிஸ் பெத்யூன் கையை உயர்த்தினார்.

"அதை வாசிக்காதே, கலம். அது பிழை. அந்த அம்மா உடனே எழுதியிருக்கிறாள்."

கலம் என்னைப் பார்த்தார். துணைவேந்தர் தன் தாளைப் பார்த்தார். மிஸ் பெத்யூன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரும் செத்துப்போகவில்லை, கேக்கை வெட்டுங்கள் என்றார். வெட்டினார்கள்.

பேழையை விட்டு நகர மாட்டேன் என்றுவிட்டார். கேக்கை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூலப் பிரதிகளுக்குப் பக்கத்தில் உணவு கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். குனிந்து, என் முதல் திருத்தமும் பிழை, லண்டன் கடிதங்கள் எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருந்தேன் என்று சொன்னேன். சரிசெய்தாயிற்றா என்று மட்டும் கேட்டார். ஆயிற்று என்றேன். துணிகளைப் பற்றிய வரியை ஒரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பாவம் அந்தப் பெண், எவ்வளவு காலம் அவளைத் திட்டியிருக்கிறேன் என்றார். கேக்கை முழுவதும் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்துவிட்டு, மார்கரெட்டின் இளைய மகன் ஹொலந்திலிருந்து எழுதினானே, அங்கே எந்தக் கலண்டர் என்று கேட்டார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. அப்படியே சொன்னேன்.

"நானும்தான்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. சிரிப்பு இருமலில் முடிந்தது. இல்லத்துப் பெண் ஓடி வந்தாள்.

போகுமுன் கலமைக் கூப்பிட்டார். முன்னுரையைத் திரும்ப எழுதப்போகிறாராம். திங்கட்கிழமை காலையில் வருவாராம். யன்னலோரத்து மேசை வேண்டுமாம், கூர்தீட்டிய பென்சில் வேண்டுமாம், பெட்டிகள் இரண்டும் ஒன்றாக வேண்டுமாம். கலம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாலையில் பேழையைப் பூட்டும்போது, திங்கட்கிழமை மிஸ் பெத்யூனைக் காரில் கூட்டிவர முடியுமா என்று குகநேசனிடம் கேட்டேன். ஓம் என்றார். இல்லம் எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. நீங்களும் வாங்கோவன், வழி காட்ட."

அவருடைய காரில் வழி சொல்லும் திரை இருக்கிறது. பார்த்திருக்கிறேன். எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.